மத்தவங்கதான் போட மாட்டாங்க

ஜனங்களின் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முயன்றிருக்கிறேன். அதற்காகப் பழுப்பு நிறத்தில் ஒரு சஃபாரி சூட் தைத்துக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கருத்துக் கேட்கப் போகிறவன் கருத்துள்ளவன் மாதிரியாவது தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் என்னைப் பார்த்தவர்கள் பி.எஃப். ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து எழுந்து நின்றார்கள். சூட் முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டது. கையோடு நான் தயாரித்துக்கொண்டு போன கேள்வி மட்டும் இன்றுவரை சுருங்கவில்லை. அந்தக் கேள்வியால் ஒரு மனிதரைத் தேர்தலில் தோற்கடித்தேன். அவர் அந்தப் பதவிக்கு நிற்கவே இல்லை என்பது கூடுதல் விசேஷம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் டிவி. என்னிடம் வேலை பழகிய இரண்டு பேர் போன வாரம் முகப்பேரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டிவியில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த ஒருவர் இந்த நாட்டின் பிரதமராக வருவதற்கு வாக்காளர்கள் தயாரா? விவாதத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் தங்களுக்குத் துளிகூட ஆட்சேபணை இல்லை என்றார்கள். நான்கு பேருமே, தேசம்தான் இன்னும் பக்குவப்படவில்லை என்று வருத்தப்பட்டார்கள். ஒருவர் குடியரசுத் தலைவர் பதவியைக் காட்டி, "ஆக்கியிருக்கிறோமே!" என்றார். ஆக்கியிருக்கிறோம், உண்மைதான். அந்தப் பதவிக்கு நீங்களும் நானும் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதில்லை.

"நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள் வந்தவர்கள்.

நான் டிவியை அணைத்தேன். கோபத்தில் பட்டனை அழுத்திய வேகத்தில் அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது, இன்னும் வெளியே வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். ஐ.டி.ஐ. முடித்து ஆவடியிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்தவன். பயிற்சிக் காலத்தில் கற்றது, கிரீஸ் கறை எந்த சோப்புக்கும் போகாது என்பதே. பிறகு துளையின் அளவைச் சரிபார்க்கக் கையில் ஒரு கேஜைக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அப்படி இருந்தால் துண்டு பாஸ், இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. மேனேஜரின் மச்சான் கடைந்த துண்டாக இருந்தாலும் கேஜுக்கு அது தெரியாது. ஒரு துண்டு சரியா என்று பக்கத்துத் துண்டிடம் விசாரிக்கும் வழக்கம் உலகத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. வருஷக்கணக்காக இந்த வேலையைப் பார்த்த நான்தான் தொழிற்சங்கத் தேர்தலில் அதைச் செய்தேன்.

எங்கள் சங்கத்தில் தலைவர் என்பது மாலை வாங்குபவரின் பெயர், துணைத் தலைவர் என்பது வேலை செய்பவரின் பெயர். துணைத் தலைவராக டூல் ரூம் அப்துல் சுக்கூர் இருந்தார். பூந்தமல்லிக்காரர். மகான் ஒன்றும் இல்லை. கேரம் போர்டில் கூசாமல் ஏமாற்றுவார். ஷிஃப்டுக்கு நேரத்தில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிட்டே தன் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடுவார். ஆனால் பிரஸ் ஷாப்பில் இன்று சிலருக்குப் பத்து விரல் இருக்கிறது என்றால் அவர்தான் காரணம்.

அங்கே அப்போது காலால் மிதித்தால் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும். கை எங்கே இருக்கிறது என்று அதற்குக் கவலையில்லை. விரல் போவது அங்கே சளி பிடிப்பது மாதிரி. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று சுக்கூர் பாய் கேட்டார். அப்படிச் செய்தால், மூன்றாவது கை இருப்பவனுக்கு மட்டும்தான் ஆபத்து. உற்பத்தி குறையும் என்றது நிர்வாகம். ஒரு நாள் ஒர்க்ஸ் மேனேஜர் ஷாப்புக்குள் வந்தபோது பாய் அவரைப் பிரஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், ஒங்க பேனாவ கொஞ்சம் அடில வைங்க."

"எதுக்குய்யா?"

"கைய அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல பேனா."

அது அவர் மாமனார் கொடுத்த தங்க முள் பேனா. வைக்கவில்லை. பேனாவை வைக்கப் பயந்த இடத்தில் இத்தனை பேர் கையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது போல. அடுத்த மாதம் பட்டன்கள் வந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய தலைவர் ஓய்வு பெற்றார். சம்பள ஒப்பந்தம் முடியும் நேரம். பிரஸ் ஷாப்பையே மூடிவிட்டு வேலையை வெளியே கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. நிர்வாகத்தோடு பேசும் மேஜையில் தலைவருக்கும் சங்க ஆலோசகருக்கும் மட்டும்தான் நாற்காலி. அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதில்தான் பிரஸ் ஷாப்பின் தலைவிதி இருந்தது. சுக்கூர் பாய்தான் அடுத்த தலைவர் என்று நான் நினைத்தேன். வாட்ச்மேனும் நினைத்தார். நிர்வாகமும் நினைத்துக் கவலைப்பட்டதாகக் கேள்வி.

ஆலோசகர், வக்கீல் தணிகாசலம். நகரத்திலிருந்து காரில் வருவார். அவர் 'இல்லை' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பிடிக்காத விஷயம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, மிக மென்மையாக, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் விஷயம் செத்துவிட்டது, இனிமேல் காரியம் செய்ய வேண்டியதுதான் பாக்கி என்று அர்த்தம்.

சுக்கூர் பாய் பெயர் வந்தபோது கண்ணாடி கழன்றது. "எனக்கு ஆட்சேபணை இல்லை. தொழிலாளி தயாரா இருக்கானா? நாடி பார்த்துடுங்களேன்."

நாடி பார்ப்பது எங்கள் சங்கத்தின் பழைய வழக்கம். கமிட்டி பெயரை அறிவிப்பதற்கு முன்னால் ஒருவர் டீ நேரத்தில் ஷாப் ஷாப்பாகப் போய் விசாரித்து வர வேண்டும். வடக்கே நடந்த கலவரச் செய்திகளை டீக்கடையில் பேப்பர் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. படித்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், மனிதன் தன் துவேஷத்தைத் தானே ஒப்புக்கொள்ள மாட்டான், அடுத்தவனைப் பற்றிக் கேட்டால் உண்மை வந்துவிடும் என்று படித்திருந்தேன். ஆகவே கமிட்டியில் எழுந்து, 'நீ போடுவாயா?' என்று கேட்பது பாமரத்தனம், 'உங்க ஆளுங்க போடுவாங்களா?' என்று கேட்பதுதான் விஞ்ஞானம் என்று விளக்கினேன். வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தையல்காரனிடம் போனேன்.

முதலில் பிரஸ் ஷாப். கன்னியப்பன் என்று ஓர் ஆபரேட்டர், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவர். பட்டன் வருவதற்கு முன்னாலேயே இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர்.

"பாய் தலைவருக்கு நின்னா உங்க ஆளுங்க போடுவாங்களா?"

"எனக்கு இன்னா சார்? அந்த ஆளு மட்டும் பட்டன் வெக்கலேன்னா இந்த டீ கிளாஸ எத்த வெச்சு புடிச்சிகினு இருப்பேன்? பாய் நமக்கு சாமி மாரி."

"அப்ப போடுவாங்க?"

"நானு போடுவேன்." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்கதான் போட மாட்டாங்க. மெசின் ஷாப்பு ஆளுங்க ஒரு மாரி சார். அவனுங்க பேப்பர் படிக்கிறவனுங்க."

மெஷின் ஷாப்பில் கேட்டேன். "எங்களுக்குப் பிரச்சினையே இல்ல சார். பிரஸ் ஷாப்புலதான் கஷ்டம். படிப்பறிவு இல்லாதவங்க பாருங்க" என்றார்கள்.

காயில் சுற்றும் பிரிவில் ஸ்டெல்லா, "எங்க சர்ச் ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு பாய்க்குப் போடுவாங்க சார். இந்துக்கள்தான் போட மாட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, பாவம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்த இந்துப் பெண்கள் அனைவரும் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்கள். தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிரிவின் கடைசி மேஜையில் ராஜாத்தி இருந்தார். கேள்வியைக் கேட்டதும் சுற்றிக்கொண்டிருந்த காயிலை நிறுத்திவிட்டு என் சூட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ போடுவியான்னு கேளு, சொல்றேன். மத்தவன் மனசுல இன்னா கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நானு இன்னா குறி சொல்றவளா?"

"சும்மா, உங்க அபிப்பிராயம்..."

"அபிப்பிராயம்னா என்னுதக் கேளு. அடுத்த ஊட்டு கொழம்ப நான் எப்பிடி ருசி சொல்றது?"

இவர் பெயருக்கு நேரே 'கருத்து இல்லை' என்று எழுதிக்கொண்டேன். தொழிற்சாலையிலேயே கருத்து இருந்த ஒரே ஆள் அவர்.

கமிட்டி கூடியது. பிரஸ் ஷாப் தயார், மற்றவர்கள் தயாரில்லை. மெஷின் ஷாப் தயார், மற்றவர்கள் தயாரில்லை. காயில் பிரிவு தயார், மற்றவர்கள் தயாரில்லை. வாசித்துக்கொண்டே போனபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வளாகத்தில் சுக்கூர் பாய்க்கு எதிராக ஒருவன்கூட இல்லை, இருந்தும் எல்லோரும் எதிர். அந்த 'மற்றவர்கள்' எந்த ஷிஃப்டில் வருகிறார்கள்? அவர்களுக்கு டோக்கன் நம்பர் உண்டா?

"சார், இதுல ஒரு கோளாறு இருக்கு" என்றேன்.

"என்ன கோளாறு நடராஜன்? எல்லா ஷாப்பிலும் ஒரே பதில் வந்திருக்கு. இதுதானே உங்க விஞ்ஞானம்?" என்றார் வக்கீல்.

இதெல்லாம் சுக்கூர் பாய் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே நடந்தது. ஒரு மனிதனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, இவனை ஜனங்கள் சகிப்பார்களா என்று அவன் முகத்துக்கு நேராகவே விவாதிக்கும் நாகரிகம் நம்மிடம் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்வதால் அதைக் கேவலம் என்று சொல்லக் கூடாது.

ஸ்டோர்ஸ் ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தார். யாருக்கும் கெட்டவராகாமல் வாழ்ந்துவிட வேண்டும் என்ற ஒரே லட்சியம் உடையவர். "ஆயுத பூஜையன்னிக்கு கேட்டுல பூசணிக்கா தலைவர்தான் ஒடைக்கிறது வழக்கம். பாய் ஒடைப்பாரா? ஒடைச்சா அவங்க ஜமாத்துல ஒத்துப்பாங்களா? அவரு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பாய் நிதானமாகத் திரும்பினார். "ஏகாம்பரம், போன வருசம் பூசணிக்கா வாங்கினு வந்தது யாரு?"

"நீங்கதான் பாய்."

"பூந்தமல்லி மார்க்கெட்ல பேரம் பேசி, பஸ்ஸுல மடில வெச்சிகினு வந்தேன். கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் வாங்குன்னான். குடைஞ்சு குங்குமம் ரொப்பினது யாரு?"

"நீங்கதான்."

"அது வரைக்கும் ஆவுது. ஒடைக்கிறதுதான் ஆவலியா? சரி நைனா, நீயே ஒடை. தலைவருதான் ஒடைக்கணும்னு சங்க பைலால எங்க கீது?"

கண்ணாடி கழன்றது. துடைக்கப்பட்டது. வெளிச்சத்தில் பார்க்கப்பட்டது. "பைலாவில் இல்லை பாய். மனசில் இருக்கு."

"யாரு மனசுல?"

"தொழிலாளி மனசில்."

"அப்ப நானு யாரு வக்கீல் சார்? மொதலாளியா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. எனக்கு ஆட்சேபணையே இல்லை. காலம் வரும். இப்போ நின்னு தோத்தா அவமானம் உங்களுக்குத்தானே?"

தோற்கக் கூடாது என்று ஒருவனை நிற்கவே விடாமல் செய்யும் கருணைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தனியாக நிற்கும்படி அன்று மாலை பாயிடம் மன்றாடினேன். "ரெண்டா ஒடைஞ்சா அந்தாண்ட கீற கம்பெனி சங்கம் உள்ள பூந்துடும். மொதலாளி பட்டாசு வெடிப்பான். வேணாம் நைனா" என்றார். ஏகாம்பரம் தலைவருக்கும், பாய் மறுபடி துணைத் தலைவருக்கும் நின்றார்கள்.

கேன்டீனில் ரகசிய வாக்கெடுப்பு. ஒவ்வொரு ஷாப்புக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பதவிக்கும் தனிச் சீட்டு. ஏகாம்பரம் தட்டுத்தடுமாறி ஜெயித்தார். சுக்கூர் பாய்க்கு எல்லாப் பதவிகளுக்கும் நின்றவர்களைவிட அதிக ஓட்டு. பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், காயில் பிரிவு, எல்லாப் பெட்டியிலும். நான் ஷாப் ஷாப்பாகத் தேடியும் கிடைக்காத அந்த 'மற்றவர்கள்' வாக்குப் பெட்டியிலும் இல்லை.

வக்கீல் உணர்ச்சிவசப்பட்டார். "பார்த்தீங்களா! துணைத் தலைவர்னா நம்ம தொழிலாளிக்கு மத பேதமே கிடையாது!"

நான் எழுந்து கத்தினேன். என் சுபாவத்துக்கு அது புதிது. "சார், அவரைத் தொழிலாளி தோற்கடிக்கலை. தொழிலாளி கையில சீட்டைக் குடுக்காம நாமதான் தோற்கடிச்சோம். நீங்களும் நானும்!" குரல் கடைசியில் கீச்சென்று போனது. கோபப்பட்டுப் பழக்கமில்லாதவன் கோபம் அப்படித்தான் இருக்கும். வக்கீல் என்னைப் பரிவோடு பார்த்தார், கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. ஏகாம்பரம் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

பாய் தலைவருக்கு நிற்காததால் என்ன ஆனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகச் சொன்னால் என் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. ஒப்பந்த மேஜையில் ஏகாம்பரம் உட்கார்ந்தார். யாருக்கும் கெட்டவராகாதவர், நிர்வாகத்துக்கு மட்டும் எப்படிக் கெட்டவராவார்? பிரஸ் வேலை வெளியே போகலாம் என்ற ஷரத்தில் கையெழுத்துப் போட்டார். துணைத் தலைவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரஸ் ஷாப் மூடப்பட்டது. வேலை ரயில் பாதையோரத் தகர ஷெட்டுகளுக்குப் போனது. கன்னியப்பனும் அதன் பின்னாலேயே கான்ட்ராக்ட் கூலியாகப் போனார். அந்த ஷெட்டுகளில் இரண்டு பட்டன் கிடையாது. பழையபடி கால் மிதிதான். என்னையும் சில வருஷங்களில் அனுப்பிவிட்டார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.

சுக்கூர் பாய் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மறைப்புக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. கன்னியப்பனே கடைசி நிமிடத்தில் மாற்றிக் குத்தியிருக்கலாம். தோற்றிருந்தால் தோற்றிருப்பார். எத்தனை பேர் போடவில்லை என்று முகம் தெரிந்திருக்கும், அடுத்த முறை அவர்களிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். முகமே இல்லாத மற்றவர்களோடு யார் சண்டை போடுவது? வாக்காளர் தயாரா, தயாரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அந்தச் சீட்டில் அந்தப் பெயரை அச்சடித்து ஒரு முறையாவது நீட்டிவிட்டுக் கேட்டால் என்ன? தேர்வே வைக்காமல் ஃபெயில் போடும் பள்ளிக்கூடத்தைக் கொளுத்த மாட்டோமா?

ஷாப் மூடிய அடுத்த பொங்கலுக்குக் கன்னியப்பனை அம்பத்தூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன். "நல்லா கீறியா சார்?" என்றார். பேசி முடிக்கும்வரை வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நான் கேட்கவில்லை. போகும்போது அவராகவே சொன்னார்: "பாய் வந்திருக்கணும் சார். நானு அப்பவே சொன்னேன். மத்தவங்கதான்..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். பாய் கூடத்தில் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. என் கேள்வி எப்படித் தப்பு, வக்கீல் எப்படிப்பட்ட ஆள், ஏகாம்பரத்தின் முதுகெலும்பு எங்கே தொலைந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னியப்பனின் கையைச் சொன்னபோது மட்டும் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"பாய், நீங்க மட்டும் நின்னிருந்தா என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று முடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாய் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி நூர்ஜஹான்தான் எட்டிப் பார்த்தார்.

"ஒக்காருங்கண்ணே, டீ கொண்டாறேன். சக்கரை மட்டும் கெடையாது. ஒங்களாட்டம் ஓட்டுப் போட்டிருப்பேன்னு சொல்ல வர்றவங்களுக்குக் குடுத்தே இந்த மாசச் சக்கரை தீந்துபோச்சு."